ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி: அடக்கமுடியாமல் சாப்பிடும் பழக்கத்திலிருந்து மீள முழு வழிகாட்டி

இரவு பதினொன்றரை. வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று. சமையலறை விளக்கைப் போடாமல், ஃப்ரிட்ஜ் வெளிச்சத்திலேயே நின்றுகொண்டு சாப்பிடுவேன். உட்கார்ந்து சாப்பிட்டால் கணக்கில் சேர்ந்துவிடும், நின்றுகொண்டு தின்றால் சேராது என்று ஒரு நினைப்பு. பிஸ்கட் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் இரண்டு விரலால் கிழிக்கும் வித்தைகூடக் கைவந்திருந்தது. முடிந்ததும் காலி உறையைச் சின்னதாக மடித்து, வேறொரு கவருக்குள் திணித்து, குப்பைக்கூடையின் அடியில் புதைப்பேன். பாதி தின்ற பாக்கெட் என்று ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் இருந்ததே கிடையாது.

அப்புறம் படுக்கையில் ஒரு சபதம். நாளையிலிருந்து கிடையாது. காலையில் வெறும் காபி, மதியம் பாதி, ராத்திரி ஒரு பழம். மறுநாள் ராத்திரி அதே ஃப்ரிட்ஜ், அதே வெளிச்சம்.

அந்தச் சபதம்தான் என் நோயின் பாதி என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது. ராத்திரி பதினொன்றரைக்கு நடப்பது காலை எட்டு மணிக்கே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் சாப்பிடுவதை எப்படி நிறுத்துவது என்பது பின்னால்தான் வரும். எப்படிச் சாப்பிடுவது என்பதுதான் முதலில்.

எது நோய், எது நோயில்லை

விருந்தில் ஒரு பிடி பிடிப்பது நோயில்லை. மனசு சரியில்லாத ஒரு நாளில் ஐஸ்கிரீம் டப்பாவை வழித்துவிடுவதும் நோயில்லை. 'போதும் என்று தெரிகிறது, ஆனால் கை நிற்கவில்லை' என்ற உணர்வு திரும்பத் திரும்ப வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-லேயே தன்னிடம் வந்தவர்களிடம் இதைக் கவனித்து எழுதினார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது 2013-இல்தான். பெயர், பிஞ்ச் ஈட்டிங் டிஸ்ஆர்டர். குறுகிய நேரத்துக்குள், ஒரு இரண்டு மணி நேரம் என்று வையுங்கள், அதே சூழலில் மற்றவர்கள் சாப்பிடுவதைவிடத் தெளிவாக அதிகம் சாப்பிடுவது. அப்போது கட்டுப்பாடு கையைவிட்டுப் போவது. இது வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதம் நடப்பது. அதை நினைத்து மனம் மிகவும் நோவது. கூடவே ஐந்து அடையாளங்களில் மூன்றாவது இருக்க வேண்டும்: வழக்கத்தைவிட வேகமாகத் தின்பது, வயிறு கஷ்டப்படும்வரை தின்பது, பசியே இல்லாதபோது நிறையத் தின்பது, வெட்கப்பட்டுத் தனியாகத் தின்பது, முடிந்தபின் தன்மேலேயே அருவருப்பு வருவது. இந்தப் பட்டியலில் உடல் எடை இல்லை, கவனித்தீர்களா? ஒல்லியாக இருப்பவருக்கும் இது வரும். யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவுதான்.

'உணவு அடிமைத்தனம்' என்ற சொல் 1956-லிருந்தே புழங்குகிறது, ஆனால் அது இன்னும் அதிகாரபூர்வமான நோய்ப்பெயர் ஆகவில்லை. 2009-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆஷ்லி கியர்ஹார்ட்டும் உடன் பணியாற்றியவர்களும், போதை அடிமைத்தனத்தை அளக்கும் அளவுகோலையே உணவுக்கு மாற்றி ஒரு கேள்விப்பட்டியலைத் தயாரித்தார்கள். உணவுக்கு அடிமையாக முடியுமா, அல்லது சாப்பிடும் செயலுக்கா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாதாடட்டும். மீளும் வழியின் பெரும்பகுதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டபின் விரலை விட்டு வாந்தி எடுப்பவர், பேதி மாத்திரை போடுபவர், தண்டனை மாதிரி மணிக்கணக்கில் உடற்பயிற்சி செய்பவர், நாள்கணக்கில் பட்டினி கிடப்பவர் இந்தக் கட்டுரையை வைத்துத் தானாகச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருபவர்களும் அப்படியே. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், எண்ணம் அழுத்தமாக இருந்தால் இன்றைக்கே அவசர உதவியை நாடுங்கள்.

1. உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரைகள் பசியைக் கிளப்பும். ஓலான்சபின் போன்ற சில மனநல மருந்துகளும் அப்படித்தான். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில டோபமைன் வகை மருந்துகளால் அடக்கமுடியாமல் சாப்பிடும் பழக்கமே புதிதாக வருவதுண்டு. தைராய்டு அதிகம் சுரந்தாலும், சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கினாலும் அகோரப் பசி எடுக்கும். மருந்துதான் காரணம் என்று சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், கீழே சொல்லப்போகும் நேர அட்டவணைக்கு மாறுவதற்கு முன்னாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

2. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

சின்ன நோட்டு ஒன்று போதும். போனிலும் எழுதலாம், ஆனால் கலோரி எண்ணும் ஆப் வேண்டாம். அது உங்களைக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிடும். நமக்கு வேண்டியது சாட்சி. நேரம், என்ன சாப்பிட்டீர்கள், எங்கே, உட்கார்ந்தா நின்றா, தனியாகவா, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கை நிற்காமல் போனதா இல்லையா. சாப்பிட்டவுடனே எழுதுவது முக்கியம். ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் மனசு பாதியை மறைத்துவிடும்.

என் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கிறது: 'காலை, காபி மட்டும். மதியம் 2.40, அரைத் தட்டு, வேலை மேசையிலேயே. 5.15, யாரோ நீட்டிய சாக்லேட், ஒன்று. இரவு 8.30, கொஞ்சம், எல்லோரோடும். 11.20, பிஸ்கட் இரண்டு பாக்கெட், பிரெட் ஆறு துண்டு, ஜாம் பாட்டிலில் இருந்த மீதி. நின்றுகொண்டு. அதற்கு முன்: மேலதிகாரியின் மெயில்.'

மேலதிகாரியின் மெயில்தான் காரணம் என்று அன்றைக்குச் சத்தியம் செய்திருப்பேன். ஆனால் வாரக் கடைசியில் புரட்டிப் பார்த்தபோது, கை நிற்காத ராத்திரிகள் நான்கு. அதில் இரண்டு நாள் எந்த மெயிலும் இல்லை, சண்டையும் இல்லை. நான்கு நாளும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: காலையில் காபி மட்டும்.

எல்லோருக்கும் இதே விடை வராது. சிலருக்குத் தனிமை, சிலருக்குச் சம்பள நாள், சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரம். ஊகிக்காதீர்கள், நோட்டைக் கேளுங்கள்.

3. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்

மற்ற எந்தப் படியைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பது நமக்குத் தெரியாத விஷயமா? ஆனால் நம் உடம்புக்கும் அது பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறோம். 1944-இன் இறுதியில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் துப்பாக்கி ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், உடலும் மனமும் திடமானவர்கள், தாங்களாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்குக் குறைவாகவே உணவு. எடையில் ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. அதைவிட விசித்திரம் அவர்கள் மனசுக்கு நேர்ந்தது. பேச்சு முழுக்கச் சாப்பாடு. சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்து வேண்டியமட்டும் சாப்பிடலாம் என்றானபோது, சிலர் வயிறு முட்டத் தின்றும் பசி அடங்காமல் தவித்தார்கள். அதற்கு முன் அவர்களில் யாரும் உணவைக் கண்டு பித்துப் பிடித்தவர்கள் இல்லை. பட்டினி அவர்களை அப்படி ஆக்கியது.

நான் அதை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருடம் என்னை நானே அந்தச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, முடிவைப் பார்த்து 'உனக்கு மனஉறுதி இல்லை' என்று திட்டிக்கொண்டிருந்தேனே!

செய்ய வேண்டியது இதுதான். ஒரு நாளைக்கு மூன்று முழுச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறு தீனி. எந்த இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சாப்பாடு. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய, இன்று பரவலாகப் பின்பற்றப்படும் சிகிச்சை முறையிலும் இந்தப் படி ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது.

பசிக்கிறதோ இல்லையோ, நேரம் வந்தால் சாப்பிடுங்கள். 'உடம்பு கேட்கும்போது சாப்பிடு' என்பது நல்ல அறிவுரைதான், ஆனால் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. பல வருடமாகப் பட்டினிக்கும் திணிப்புக்கும் நடுவே அல்லாடிய வயிற்றுக்குப் பசியும் நிறைவும் சரியாகச் சொல்லத் தெரியாது. பழுதான கடிகாரம் அது. கொஞ்ச நாள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தே ஓட்டுங்கள்.

தட்டில் என்ன இருக்கலாம் என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். ஏதாவது ஒரு புரதம், காய்கறி, மாவுச்சத்து, கொஞ்சம் கொழுப்பு. மாவுச்சத்தை அடியோடு விலக்கும் டயட்டுகளை இந்தக் கட்டத்தில் தொடவே தொடாதீர்கள்.

இதில் கடினமான நாள் எது தெரியுமா? முந்தைய ராத்திரி கை நிற்காமல் தின்ற மறுநாள் காலை. வயிறு கனக்கும், முகம் உப்பியிருக்கும், 'இதற்குமேல் காலைச் சாப்பாடு வேறா?' என்று தோன்றும். அன்றைக்குத்தான் கட்டாயம் சாப்பிட வேண்டும். அளவு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, நேரம் தவறக்கூடாது. அந்த ஒரு காலையை விட்டால் அடுத்த ராத்திரிக்கு நீங்களே அழைப்பு வைத்ததாகும்.

எடை கூடிவிடுமே என்ற பயம் வரும். எனக்கும் வந்தது. முதல் சில வாரம் தராசு முன்னும் பின்னும் ஆடும், அதில் பாதி தண்ணீர். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம் மட்டும் ஏறிப் பாருங்கள். தினமும் ஏறுபவர் கூடினாலும் சாப்பிடுவார், குறைந்தாலும் 'பரவாயில்லையே' என்று சாப்பிடுவார். எடை குறைப்பை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் இழக்கிறார்கள்.

4. கையை நிற்கவிடாத அந்த ஐந்தாறு உணவுகள்

ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். வெள்ளரிக்காயை யாரும் ஒளிந்து தின்பதில்லை. பிஸ்கட், சிப்ஸ், சாக்லேட், கேக், ஐஸ்கிரீம், பீட்சா. சர்க்கரையோ உப்போ கொழுப்போடு கூட்டுச் சேர்ந்து, மெல்லாமலே உள்ளே போகும்படி செய்யப்பட்டவை. 2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹாலின் குழு 20 பேரை ஒரு மாதம் தங்கவைத்துப் பார்த்தது. இரண்டு வாரம் தொழிற்சாலையில் வெகுவாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் இயல்பான உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். அவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை.

சரி, அப்படியானால் இவற்றை அடியோடு விட்டுவிடலாமா? இங்கே இரண்டு கட்சி. 1960-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி இன்று பல நாடுகளில் கூட்டம் நடத்தும் ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ் என்ற சுயஉதவிக் குழு, மது அடிமைகளுக்கான பன்னிரண்டு படிகளை உணவுக்குப் பொருத்துகிறது. அதில் பலர் சர்க்கரை போன்ற தங்கள் வில்லன்களை அறவே ஒதுக்கி நிம்மதியாக இருக்கிறார்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் சிபிடி என்ற அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்காரர்களோ, தடைதான் வெறியை வளர்க்கிறது, ஒதுக்கிய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவா என்கிறார்கள்.

எனக்கு ஒத்துவந்தது நடுவழி. முதல் இரண்டு மாதம் அவை வீட்டில் வேண்டாம். 'இனி ஜென்மத்துக்கும் தொட மாட்டேன்' என்ற வீராப்பெல்லாம் இல்லாமல், இப்போதைக்கு வேண்டாம் என்ற அளவில். நேரத்துக்குச் சாப்பிடுவது பழகியபின் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தேன்: முழுச் சாப்பாட்டுக்கு அப்புறம், வெளியே ஒருவரோடு உட்கார்ந்து, ஒரே ஒரு பங்கு, அதுவும் மனசு நன்றாக இருக்கும் நாளில். ஐஸ்கிரீம் சீக்கிரம் சாதுவாகிவிட்டது. பிஸ்கட்டுக்கு ஒன்றரை வருடம். சிப்ஸை மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் அது என்னைத் தின்றது. அதனால் சிப்ஸ் இன்றும் என் வீட்டுக்குள் வருவதில்லை, அதில் எனக்கு மானக்கேடும் இல்லை. உங்கள் பட்டியல் வேறாக இருக்கும்.

5. அலை எழும்போது

இத்தனையும் செய்தாலும் உந்துதல் வரும். நரம்பியல் அறிஞர் கென்ட் பெரிட்ஜ் மூளையில் 'வேண்டும்' என்ற இழுப்பும் 'பிடிக்கிறது' என்ற சுவையும் வேறு வேறு வழிகளில் ஓடுவதைக் காட்டினார். இது தெரிந்தபின் என்னை நானே கவனித்துப் பார்த்தேன். முதல் பிஸ்கட்டில் ருசி இருந்தது. ஐந்தாவதில் இல்லை; வாயில் வெறும் மாவு. கை மட்டும் ஆறாவதுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிடிக்காததை இவ்வளவு வேகமாக ஒருவர் தின்ன முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அந்த இழுப்பு ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். போதை மீட்பில் ஆய்வு செய்த ஆலன் மார்லட் இதை அலையாகப் பார்க்கச் சொன்னார். எதிர்த்து நின்றால் அடித்துப் போடும், மேலே ஏறி மிதந்தால் கரையில் விட்டுவிடும். பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். ஆனால் சமையலறையில் நின்றுகொண்டு அலையைக் கவனிக்கிறேன் என்று சொல்லாதீர்கள். அது நடக்காது.

முதலில் இடத்தை விட்டு நகருங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில், நன்றாக இருக்கும்போதே ஒரு பட்டியல் எழுதிவைத்திருக்க வேண்டும்: குளிப்பது, தெருவில் ஒரு சுற்று, ஒருவருக்குப் போன், கைக்கு வேலை தரும் ஏதாவது. டிவி பார்ப்பது பட்டியலில் வேண்டாம், அதற்கும் தீனிக்கும் பழைய சிநேகம். என் பட்டியலில் வேலை செய்தது துணி மடிப்பது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். இரண்டு கையும் பிஸியாக இருக்கும், இருபது நிமிடம் ஓடிவிடும், அலமாரியும் ஒழுங்காகும்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: கடைசியாக எப்போது சாப்பிட்டேன்? நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் இது அலை இல்லை, பசி. தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

6. தூக்கமும் மனசும்

தூக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு ராத்திரி வெறும் நான்கு மணி நேரம் படுக்கையில் இருந்த 12 இளைஞர்களுக்குப் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்தது, அவர்கள் உணர்ந்த பசி 24 சதவீதம் ஏறியது. ராத்திரி கண்விழிப்பவர்கள் தூக்கத்தைச் சரிசெய்யாமல் சாப்பாட்டைச் சரிசெய்யப் பார்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

மனசு விஷயம் நீளமானது. கோபத்தை விழுங்கப் பழகியவர்கள் கூடவே எதையாவது விழுங்குவார்கள். என் நோட்டில் 'அதற்கு முன்' என்ற பத்தியில் அதிகம் வந்த சொல் கோபமோ துக்கமோ இல்லை, 'சும்மா இருந்தேன்'. வேலை முடிந்து, எல்லோரும் தூங்கி, யாருக்கும் எதுவும் செய்ய வேண்டாத அந்த ஒரு மணி நேரம். நாள் முழுக்க எனக்கென்று கிடைத்த ஒரே சுகம் அந்தத் தீனிதான். சுகத்தைப் பிடுங்கிக்கொண்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால், அது மறுபடி தீனியாலேயே நிரம்பும். மாலை ஏழு மணிக்கு அரை மணி நேரம் எனக்கென்று ஒதுக்கத் தொடங்கினேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், சில நாள் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீண்டகால மனச்சோர்வு, சின்ன வயதில் பட்ட காயம், கவனச்சிதறல் கோளாறு போன்றவை இதோடு பின்னிக்கிடப்பது சகஜம். அவற்றை நோட்டு தீர்க்காது. எட்டாவது படிக்குப் போங்கள்.

7. சறுக்கிய அன்று

சறுக்குவீர்கள். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, முதல் மாதம் அப்படித்தான் தோன்றும். உண்மையில் ஒரு சறுக்கல் அவ்வளவு கேடு செய்வதில்லை. அதற்குப் பிறகு மனசு சொல்லும் ஒரு வாக்கியம்தான் கேடு: 'அதான் போச்சே, இன்றைக்கு முழுசாகத் தின்றுவிட்டு நாளையிலிருந்து பார்த்துக்கலாம்.' முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற கணக்கு.

1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு மில்க்ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள், மில்க்ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். வாயைக் கட்டி வாழ்பவர்களோ, மில்க்ஷேக் குடித்தபின் அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு ஒரு முறை உடைந்ததும் அணை முழுக்க உடைந்துவிட்டது.

அதனால் சறுக்கிய நிமிடத்துக்கு ஒரு நடைமுறை வைத்துக்கொள்ளுங்கள். மீதியை மூடி வையுங்கள், முடிந்தால் அந்த அறையை விட்டு வெளியேறுங்கள். தண்ணீர் குடியுங்கள். ஒரு வரி, ஒரே வரி, நோட்டில் எழுதுங்கள். பல் தேய்த்துவிட்டுப் படுங்கள். காலையில் நேரத்துக்குச் சாப்பாடு. பரிகாரம் கிடையாது: விரதம் இல்லை, இரட்டைப் பங்கு நடை இல்லை, சபதம் இல்லை.

பன்னிரண்டு பிஸ்கட்டில் நிறுத்தினால் அது தோல்வி என்று நினைக்காதீர்கள். முன்பு இரண்டு பாக்கெட் போயிருக்கும். வித்தியாசத்தை நோட்டில் குறித்து வையுங்கள்.

8. ஒருவரிடமாவது சொல்லுங்கள்

இந்த நோய் ரகசியத்தைத் தின்றுதான் வளர்கிறது. எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். அறிவுரை சொல்லாத ஒருவர் போதும். நான் என் அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, ராத்திரி நான் எழுந்து சாப்பிடறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். கவர் சத்தம் கேக்கும்."

"அப்புறம் ஏன் ஒண்ணுமே கேக்கலை?"

"கேட்டா, பகல்ல சாப்பிடற அந்தக் கொஞ்சத்தையும் நிறுத்திடுவியோன்னு பயமா இருந்தது."

சத்தமில்லாமல் கிழிக்கும் என் வித்தை அவ்வளவுதான். அன்றைக்கு அவளிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: என் தட்டைப் பற்றிப் பேசாதே, இரவு பத்தரைக்கு ஒரு முறை வந்து என்னோடு ஐந்து நிமிடம் உட்கார். வீட்டில் இப்படி ஒருவர் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். 'வாயைக் கட்டத் தெரியாதா', 'கொஞ்சம் இளைத்திருக்கிறாயே' இரண்டுமே வேண்டாம். பாராட்டும் உடம்பை நோக்கியே போகிறது. தீனியைப் பூட்டி வைப்பதும் உதவாது, பூட்டைத் திறக்கும் வழியைத்தான் கற்றுக்கொள்வோம்.

இரண்டு மாதம் உண்மையாக முயன்றும் மாற்றம் இல்லையென்றால், அல்லது வாரத்தில் பாதி நாளுக்கு மேல் இது நடக்கிறதென்றால், துறைசார்ந்த உதவி தேவை. பிஞ்ச் ஈட்டிங்கிற்கு நன்றாக ஆராயப்பட்ட சிகிச்சை சிபிடி. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2017 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு முதலில் சிபிடி அடிப்படையிலான சுயஉதவிப் பயிற்சியைச் சிகிச்சையாளரின் சிறு துணையோடு கொடுக்கச் சொல்கிறது. அது போதாவிட்டால் முழுச் சிகிச்சை. உறவுச் சிக்கல்களை மையமாக வைக்கும் சிகிச்சையும் சிலருக்குப் பலன் தருகிறது. மருந்து என்று பார்த்தால், லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைனை அமெரிக்கா 2015-இல் இதற்கு அங்கீகரித்தது. அதற்கே அடிமையாகும் ஆபத்து உண்டு, ஆகவே மனநல மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் பேச்சே கிடையாது.

டயட்டீஷியனிடம் போனால் முதல் வார்த்தையிலேயே இந்த நோயைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் அவர் 1,200 கலோரி அட்டவணை ஒன்றை நீட்டுவார், நீங்கள் மறுபடி மினசோட்டாவுக்குப் போய்விடுவீர்கள். எடைக்குறைப்பு ஊசி, அறுவை சிகிச்சை என்று யோசிப்பவர்களும் முதலில் மருத்துவரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

எவ்வளவு நாள் ஆகும்

எனக்கு முதல் மூன்று வாரம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆறாவது வாரத்தில் கை நிற்காத ராத்திரிகள் நான்கிலிருந்து ஒன்றாகின. நான்காவது மாதம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது மறுபடி மூன்றானது. நோட்டை மீண்டும் எடுத்தேன். ஒரு வருடம் முடியும்போது, எப்போது கடைசியாக அப்படி நடந்தது என்று யோசிக்க வேண்டியிருந்தது. சிலருக்கு இதைவிடச் சீக்கிரம் ஆகும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். காலைச் சாப்பாட்டை மட்டும் நான் இன்றுவரை விட்டதில்லை, காய்ச்சல் நாள் உட்பட.

போன மாதம் அலமாரியை ஒழுங்குசெய்துகொண்டிருந்தேன். பின்வரிசையில், கிளிப் போட்டு மூடிய ஒரு பிஸ்கட் பாக்கெட். பாதிதான் தின்றிருந்தது. எப்போது வாங்கியது என்று நினைவே வரவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். நமத்துப் போயிருந்தது. குப்பைக்கூடையில் போட்டேன், மேலேயே.